பீட் சீகர்: 1941-ஐயும் 1955-ஐயும் சேர்த்துப் படிப்பது எப்படி?

மேகலை:

அமெரிக்க நாட்டார் பாடகர் பீட் சீகரைப் பற்றி நான் படித்த அஞ்சலிக் கட்டுரைகள் பெரும்பாலும் 1955 ஆகஸ்ட் 18-ஆம் நாளைச் சுற்றியே எழுதப்பட்டிருக்கின்றன. அன்று நியூயார்க்கில் ஃபோலி சதுக்கத்து நீதிமன்றக் கட்டடத்தில், அமெரிக்க விரோத நடவடிக்கைகளை விசாரிக்கும் நாடாளுமன்றக் கீழவைக் குழு அவரை அழைத்து உட்காரவைத்துக் கேள்வி கேட்டது. குழுவின் வழக்கறிஞர் ஃபிராங்க் டேவனர் கையில் வைத்திருந்த ஆதாரங்களில் சில, கம்யூனிஸ்ட் நாளேடான டெய்லி வொர்க்கரில் வந்த சின்னஞ்சிறு விளம்பரங்கள். 1947 ஜூன் மாதம் பிராங்க்ஸ் பகுதியில் ஒரு புதுமனை விழாவில் சீகர் பாடுவதாகப் போட்டிருக்கிறதே, பாடினீர்களா என்று அவர் கேட்டார். தன் கொள்கை, மதம், அரசியல், தான் போட்ட ஓட்டு ஆகியவற்றைப் பற்றி இப்படி நிர்ப்பந்தித்துக் கேட்பது எந்த அமெரிக்கரிடமும் கேட்கத் தகாதது என்று சீகர் பதில் சொன்னார். வீடற்றவர்களின் முகாம்களிலும் பாடியிருக்கிறேன், ராக்ஃபெல்லர்களுக்கும் பாடியிருக்கிறேன், யாருக்கும் பாட மாட்டேன் என்று சொன்னதில்லை என்றார். தன் பாடல்களைப் பற்றிப் பேசவும் முன்வந்தார். எங்கே, யாருக்காகப் பாடினேன் என்பதை மட்டும் சொல்ல மறுத்தார்.

இதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் இதே மனிதர் 1941 மே மாதம் அல்மனாக் சிங்கர்ஸ் குழுவோடு வெளியிட்ட ‘சாங்ஸ் ஃபார் ஜான் டோ’ இசைத்தட்டைப் பற்றி அஞ்சலிக்காரர்கள் மூச்சு விடுவதில்லை. ஹிட்லரும் ஸ்டாலினும் ஒப்பந்தம் போட்டிருந்த காலம் அது. அந்தத் தட்டு முழுவதும் ரூஸ்வெல்ட்டைப் போர் வெறியர் என்று கேலி செய்தது. ஜூன் 22 அன்று ஹிட்லரின் படை சோவியத் எல்லைக்குள் நுழைந்ததும் தட்டு கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. அடுத்த ஆண்டே அதே குழு ‘டியர் மிஸ்டர் பிரசிடென்ட்’ என்று ரூஸ்வெல்ட்டை ஆதரித்துப் பாடியது. மாஸ்கோவின் நிலை மாறியதும் பாட்டும் மாறிய இந்தச் சில வாரங்களை, பதினான்கு ஆண்டுக்குப் பிந்தைய அந்தத் துணிச்சலோடு எப்படிப் பொருத்திப் பார்ப்பது? அரசின் குழுவுக்குத் தலைவணங்காத ஒருவர், கட்சிக்கு இவ்வளவு எளிதாகத் தலையசைத்தது ஏன்?

சுவடி:

மேகலை அவர்கள் எழுப்பியிருப்பது நியாயமான கேள்வி. ஆனால் 1941-க்கு விடை தேட, சீகரின் வீட்டுக்குள் கொஞ்சம் போய்வர வேண்டும்.

அப்பா சார்லஸ் சீகர் இசையியல் அறிஞர். பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். முதல் உலகப் போரை வெளிப்படையாக எதிர்த்ததால் அங்கே நீடிக்க முடியாமல் போனது. சார்லஸின் தம்பி ஆலன் சீகர் கவிஞர். அவர் பிரெஞ்சு வெளிநாட்டுப் படையில் சேர்ந்து 1916 ஜூலை 4 அன்று போர்க்களத்திலேயே உயிரிழந்தார். போரில் செத்துப்போன சித்தப்பாவையும், போரை எதிர்த்து வேலையை இழந்த அப்பாவையும் கொண்ட வீட்டில், 1919 மே 3-இல் பிறந்தவர் பீட். அம்மா கான்ஸ்டன்ஸ் வயலின் கலைஞர். 1921-இல் சார்லஸ் தன் கையாலேயே ஒரு வண்டி வீட்டைக் கட்டி, மனைவி மக்களை ஏற்றிக்கொண்டு, தென்மாநிலக் கிராமத்தாருக்கு உயர்ந்த இசையைக் கேட்பிப்பதற்காகப் புறப்பட்டார். கிராமத்தாரிடம் ஏற்கெனவே அவர்களுடைய இசை நிறைய இருந்தது என்பதுதான் அந்தப் பயணத்தில் கிடைத்த பாடம்!

இந்த வீட்டுப் பையன் 1936-இல் வட கரோலினா மாநிலத்து ஆஷ்வில்லில் ஒரு நாட்டார் இசை விழாவுக்குப் போனபோது ஐந்து தந்தி பாஞ்சோவைக் கேட்டு மயங்கினார். ஹார்வர்டில் சேர்ந்து 1938-இல் படிப்பைப் பாதியில் விட்டார். நாட்டார் பாடல் சேகரிப்பாளர் ஆலன் லோமாக்ஸிடம் வாஷிங்டன் நாடாளுமன்ற நூலகத்து நாட்டார் பாடல் தொகுப்பகத்தில் வேலை பார்த்தார். 1940 மார்ச் 3 அன்று, புலம்பெயர் விவசாயத் தொழிலாளர்களுக்கு நிதி திரட்டிய ஒரு நிகழ்ச்சியில் நாட்டார் பாடகர் வூடி கத்ரியைச் சந்தித்து, அவரோடு ஊர் ஊராகச் சுற்றினார். இருபதுகளின் தொடக்கத்தில் அந்த 1941 இசைத்தட்டைப் பாடியபோது, அது கட்சியின் போர் எதிர்ப்பு மட்டும் அல்ல, அவருடைய அப்பாவின் போர் எதிர்ப்பும் கூட. இரண்டும் ஒன்றாகச் சேர்ந்திருந்த வரையில் அவருக்குச் சிக்கல் தெரியவில்லை. கட்சி திரும்பியபோது அவரும் திரும்பினார் என்பது உண்மைதான். அதை நான் மறைக்கவில்லை. கம்யூனிஸ்ட் கட்சியில் முறையாக உறுப்பினரானது 1942-இல்தான் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. அதே 1942-இல் இராணுவத்தில் இருந்தபடியே, ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கர்களை நாட்டைவிட்டே அனுப்ப வேண்டும் என்று தீர்மானம் போட்ட கலிஃபோர்னியா முன்னாள் படைவீரர் சங்கத்துக்குச் சீகர் கண்டனக் கடிதம் எழுதினார். அவர் மணக்கவிருந்த தோஷி ஓட்டாவின் தந்தை ஜப்பானியர். அந்தக் கடிதம்தான் இராணுவ உளவுப் பிரிவின் கண்ணை அவர் மேல் திருப்பியது. பிறகு எஃப்பிஐ சேர்த்த கோப்பு 1,700 பக்கங்களைத் தாண்டியது. இந்தக் கடிதத்தை எழுதச் சொல்லி எந்தக் கட்சியும் அவருக்குக் கட்டளையிடவில்லை. சொல்லப்போனால், ஜப்பானிய வம்சாவளியினரை முகாம்களில் அடைத்ததைக் கட்சி அப்போது எதிர்க்கவே இல்லை.

வழக்காடி:

1955 விசாரணையைப் பற்றிச் சட்டப் பக்கத்திலிருந்து ஒன்று சொல்ல வேண்டும், ஏனெனில் அவருடைய துணிச்சல் எங்கே இருந்தது என்பது பலருக்கும் தெளிவாகத் தெரிவதில்லை.

அன்றைய நாளில் அந்தக் குழுவின் முன் போனவர்களுக்குத் தப்பிக்க ஒரு வழி இருந்தது. தன்னைத்தானே குற்றத்தில் சிக்கவைக்கும் சாட்சியத்தை அளிக்க வேண்டியதில்லை என்னும் ஐந்தாவது சட்டத்திருத்தத்தைச் சுட்டிக்காட்டினால் சிறைக்குப் போக வேண்டியதில்லை. வேலை போகும், பெயர் கெடும், அவ்வளவுதான். சீகர் அதைப் பயன்படுத்தவில்லை. ஐந்தாவது திருத்தத்தைச் சொன்னால், நான் ஏதோ குற்றம் செய்திருக்கிறேன், நீங்கள் அதைக் கேட்கலாம், நான் வாய் திறக்க மாட்டேன் என்று பொருள்பட்டுவிடும். அவர் சொன்னது, இந்தக் கேள்வியைக் கேட்கவே உங்களுக்கு உரிமை இல்லை என்று. அதாவது கருத்துரிமையைக் காக்கும் முதல் திருத்தத்தின் மேல் நின்றார். 1947-இல் ஹாலிவுட் பதின்மர் எனப்பட்ட பத்துத் திரைத்துறையினர் இதே நிலையெடுத்துச் சிறைக்குப் போயிருந்தார்கள். முடிவு என்னவாகும் என்பது சீகருக்குத் தெரியாமல் இல்லை.

1957 மார்ச்சில் பத்துக் கேள்விகளுக்குப் பதில் சொல்லாததற்குப் பத்துக் குற்றச்சாட்டுகள் பதிவாயின. வழக்கு விசாரணைக்கு வந்தது 1961-இல். இடைப்பட்ட காலத்தில் நியூயார்க் தெற்கு மாவட்டத்தை விட்டு வெளியே போக வேண்டுமானால் அதிகாரிகளுக்குத் தெரிவித்துவிட்டுத்தான் போக வேண்டியிருந்தது. ஊர் ஊராகப் பாடிப் பிழைக்கும் ஒருவருக்கு இது எப்படிப்பட்ட கட்டு என்று யோசித்துப் பாருங்கள். தண்டனையைச் சொல்லும் நாளில் பாஞ்சோவோடு வந்து, சர்ச்சைக்குள்ளான பாடலைப் பாடிக்காட்ட அனுமதி கேட்டார். நீதிபதி தாமஸ் மர்ஃபி மறுத்துவிட்டார். ஓராண்டுச் சிறை என்று தீர்ப்பானது.

1962 மே மாதம் மேல்முறையீட்டில் அந்தத் தீர்ப்பு ரத்தானது. ஆனால் முதல் திருத்தம் வென்றதாக யாரும் எண்ண வேண்டாம். குற்றப்பத்திரிகையில் விசாரணைக் குழுவின் அதிகாரம் சரியாகக் குறிப்பிடப்படவில்லை என்னும் குறைபாட்டைக் காரணமாக்கித்தான் விடுவித்தார்கள். தீர்ப்பை எழுதியவர் இர்விங் காஃப்மன். சோவியத் உளவு வழக்கில் ரோசன்பர்க் தம்பதிக்கு மரண தண்டனை விதித்த அதே நீதிபதி.

தந்திக்காரர்:

நண்பர்களே, பாட்டையே மறந்துவிட்டோமே! விசாரணை நடந்ததே அவர் பாட்டுக்கு ஊரெல்லாம் ஆள் சேர்ந்ததால்தான்.

1950-இல் சீகரும் லீ ஹேஸ், ரானி கில்பர்ட், ஃபிரெட் ஹெலர்மன் ஆகியோரும் சேர்ந்த வீவர்ஸ் குழு பாடிய ‘குட்நைட் ஐரீன்’ 13 வாரங்கள் அமெரிக்கப் பாடல் வரிசையில் முதலிடத்தில் இருந்தது. அதைப் பல ஆண்டுகளாகப் பாடிவந்த கறுப்பினப் பாடகர் லெட்பெல்லி, சில மாதங்களுக்கு முன் 1949 டிசம்பரில் வறுமையிலேயே இறந்துவிட்டிருந்தார். 1952-இல் ஹார்வி மாடுசோ என்னும் துப்பு சொல்பவர், இந்தக் குழுவில் மூவர் கம்யூனிஸ்ட் கட்சிக்காரர்கள் என்று சாட்சி சொன்னார். அதோடு வானொலியும் அரங்குகளும் மெல்லக் கதவைச் சாத்தின. மாடுசோ பிற்பாடு தான் பல வழக்குகளில் பொய்ச்சாட்சி சொன்னதாக ஒப்புக்கொண்டு சிறைக்குப் போனது தனிக் கதை; வீவர்ஸுக்கு அதனால் எதுவும் திரும்பக் கிடைக்கவில்லை.

கருப்புப் பட்டியலின் வேடிக்கை என்னவென்றால், அது சீகரை வாயடைக்கச் செய்வதற்குப் பதிலாகக் கல்லூரி மாணவர்களிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது. பெரிய மேடை கிடைக்காததால் பள்ளிகள், கோடைக்கால முகாம்கள், கல்லூரிகள் என்று சுற்றினார். ஓர் ஊருக்குப் போய் உள்ளூர் வானொலியில் நுழைந்து ஒரு பாட்டுப் பாடிவிட்டு, எதிர்ப்பாளர்கள் கூடுவதற்குள் நிகழ்ச்சியை முடித்துக் கிளம்பிவிடுவார். இதைப் பண்பாட்டுக் கெரில்லாப் போர் என்றே அவர் குறிப்பிட்டார். 1960-களில் கிட்டார் எடுத்து மேடையேறிய தலைமுறை, சிறு வயதில் இவர் பாட்டை இப்படிக் கேட்டு வளர்ந்ததுதான்.

பாஞ்சோ வாசிப்பவன் என்னும் முறையில் ஒரு தகவல்: தன் குரலுக்கேற்பச் சுருதியைத் தாழ்த்திப் பாட வேண்டும் என்பதற்காகப் பாஞ்சோவின் கழுத்தை மூன்று கட்டை நீட்டிச் செய்தவர் அவர், இன்றும் நீளக் கழுத்துப் பாஞ்சோ என்றால் அவர் பெயர்தான் முதலில் வரும். அதன் தோலில், இந்தக் கருவி வெறுப்பைச் சுற்றி வளைத்துச் சரணடைய வைக்கும் என்று எழுதி வைத்திருந்தார்.

அவருடைய வீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். கறுப்பினப் பாடகர் பால் ராப்சன் பாட ஏற்பாடான பீக்ஸ்கில் கச்சேரி 1949 செப்டம்பர் 4-இல் முடிந்து மக்கள் வீடு திரும்பியபோது, வழிநெடுகக் கும்பல் நின்று வண்டிகள் மேல் கல்லெறிந்தது, காவலர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சீகரின் வண்டிக்குள் மனைவியும் குழந்தையும் மாமனாரும் இருந்தார்கள். கண்ணாடிகளை உடைத்துக்கொண்டு உள்ளே விழுந்த கற்களில் இரண்டு மூன்றை எடுத்து வைத்திருந்து, ஹட்சன் நதிக்கரையில் பீக்கன் என்னும் ஊரில் தன் கையால் மரவீடு கட்டியபோது புகைபோக்கியில் சேர்த்துப் பூசிவிட்டார்.

மேகலை:

தந்திக்காரர் சொன்ன கல் கதை அருமை; அதற்கு முன் யாரும் வாதாட முடியாது. ஆனாலும் நான் கேட்டதற்கு விடை வரவில்லை.

சீகர் கட்சியை விட்டு விலகியது 1949 வாக்கில். ஆனால் விலகியதாக எங்கும் அறிவிக்கவில்லை, ஏன் விலகினார் என்றும் விளக்கவில்லை. 1956-இல் ஸ்டாலினின் குற்றங்களைச் சோவியத் தலைவர் குருஷ்சேவே வாய்விட்டுச் சொன்னார்; அதே ஆண்டில் ஹங்கேரியில் டாங்கிகள் இறங்கின. உலகெங்கும் எத்தனையோ கம்யூனிஸ்ட் எழுத்தாளர்கள் அந்த ஆண்டில் வாய் திறந்தார்கள். 1965-இல் சோவியத் நாட்டுக்கே போய்ப் பாடிவிட்டு வந்தார் சீகர். உழைப்பு முகாம்களைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. 1993-இல் எழுதிய தன்வரலாற்றுப் பாடல் தொகுப்பில்தான், கட்சி சொன்னபடியெல்லாம் அடிமை போல நடந்ததற்கும், ஸ்டாலின் எவ்வளவு கொடியவர் என்பதைக் காணத் தவறியதற்கும் வருத்தம் தெரிவித்தார். 2007-இல், முன்பு தன்னிடம் பாஞ்சோ கற்றவரும் பின்னாளில் கடும் விமர்சகரானவருமான ரொனால்ட் ராடோஷ் எழுதிய கட்டுரைக்குப் பிறகு, சோவியத் போனபோது முகாம்களைப் பார்க்கக் கேட்டிருக்க வேண்டும் என்று ஒப்புக்கொண்டு, ஸ்டாலினைச் சாடும் பாடலொன்றையும் எழுதி அனுப்பினார். அப்போது அவருக்கு 88 வயது.

வழக்காடி சொன்னதைப் படித்தபின் எனக்குத் தோன்றுவது இதுதான். நான் முதலில் எண்ணியது போல 1955-உம் 1941-உம் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல. இரண்டிலும் ஒரே பிடிவாதம்: தன் பக்கத்து ஆட்களை எதிரியின் முன் விட்டுக்கொடுக்க மாட்டேன் என்பது. குழுவின் முன் அது பெரும் அறமாக நின்றது. ஸ்டாலின் விஷயத்தில் அதே குணம் நாற்பது ஆண்டுகளுக்கு வாயைக் கட்டிப்போட்டது. ஒன்றை வாழ்த்திவிட்டு மற்றொன்றை மன்னிப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

கூடல்வாசி:

மேகலை, அரசியலை விடுங்கள். தென்னாப்பிரிக்கப் பாடகர் சாலமன் லிண்டாவுக்கு என்ன பதில்?

ஜோகன்னஸ்பர்க்கில் 1939-இல் லிண்டா பதிவு செய்த ‘ம்புபே’ பாடலை லோமாக்ஸ் கொடுத்த தட்டில் கேட்டு, வீவர்ஸ் ‘விமோவே’ என்று பாடினார்கள். எழுதியவர் பெயராக அதில் இருந்தது பால் காம்ப்பெல் என்னும் ஆளில்லாத புனைபெயர். 1961-இல் அது இன்னொரு குழு வழியாக உலகப் புகழ் பெற்றது. லிண்டா 1962-இல் கையில் காசில்லாமல் இறந்தார். அவர் கல்லறைக்குக் கல் நடவே பதினெட்டு ஆண்டுகள் ஆயின. கூலித் தொழிலாளிக்காகப் பாடியவர், ஒரு கறுப்பினத் தொழிலாளியின் பாட்டுக்குக் கூலி போகிறதா என்று பார்க்கவில்லை. குடும்பத்தாருக்கு ஒரு வழியாகச் சமரசத் தொகை கிடைத்தது 2006-இல். அதுவும் சீகரால் அல்ல, தென்னாப்பிரிக்க வழக்கறிஞர்களால்.

சுவடி:

கூடல்வாசி சொல்வதில் பெரும்பகுதி உண்மை. விட்டுப்போனதை மட்டும் சேர்க்கிறேன். சீகர் தன் கையிலிருந்து லிண்டாவுக்கு 1,000 டாலர் அனுப்பினார். தன் பங்கையும் லிண்டாவுக்கே அனுப்பும்படி பதிப்பாளரிடம் சொல்லிவிட்டு, அது நடக்கும் என்று நம்பி இருந்துவிட்டார். சரிபார்க்காமல் விட்டதற்குப் பின்னாளில் வருந்தினார். பாட்டு வணிகத்தின் கணக்குவழக்கில் அவருக்கு எப்போதுமே அலட்சியம் உண்டு. தன் பணத்தில் அப்படி இருப்பது பெருந்தன்மை. லிண்டாவின் பணத்தில் அப்படி இருந்ததை என்னால் நியாயப்படுத்த முடியவில்லை.

இதற்கு எதிர்ப்புறத்தில் ‘வீ ஷல் ஓவர்கம்’ இருக்கிறது. 1945–46-இல் சார்ல்ஸ்டனில் வேலைநிறுத்தம் செய்த புகையிலை ஆலைத் தொழிலாளிப் பெண்கள் பாடியதை, டென்னசியின் ஹைலாண்டர் பள்ளியில் சில்ஃபியா ஹார்ட்டன் கற்றுக்கொண்டு பலருக்கும் கற்பித்தார். அங்கிருந்து சீகருக்கு வந்தது. 1957-இல் அதே பள்ளியில் சீகர் பாடியபோது கேட்டவர்களில் மார்ட்டின் லூதர் கிங்கும் ஒருவர். பிறகு கை கரவன் என்னும் பாடகர் அதை மாணவர் போராட்டத்துக்குக் கொண்டுபோனார். சீகர், கரவன், ஹார்ட்டன், ஃபிராங்க் ஹாமில்டன் ஆகிய நால்வர் பெயரில் காப்புரிமை பதிவானபோதும், வந்த உரிமைத்தொகையைத் தங்களுக்கு எடுத்துக்கொள்ளாமல், தென்மாநிலக் கறுப்பின மக்களின் கலை முயற்சிகளுக்கான நிதியில் சேரும்படி செய்தார்கள். 2018-இல் அந்தக் காப்புரிமையே முடிவுக்கு வந்து, பாட்டு பொதுச்சொத்தானது. நம் பள்ளிக் கூட்டங்களில் ‘ஹம் ஹோங்கே காம்யாப்’ என்று கேட்டிருப்பீர்கள். அதுவும் இதன் கிளைதான்.

ஆற்றங்கரை:

இவ்வளவு நேரம் ஹட்சன் நதியைப் பற்றி ஒருவரும் பேசாதது எனக்கு வியப்பாக இருக்கிறது. அவருடைய வாழ்க்கையில் கண்ணால் காணத்தக்க விளைவு எங்கே என்று கேட்டால் நான் அங்கேதான் கைகாட்டுவேன்.

1967-இல் வியட்நாம் போரைக் குத்திக்காட்டும் ‘பிக் மட்டி’ பாடலைத் தொலைக்காட்சியில் பாடினார். சிபிஎஸ் நிறுவனம் அதை வெட்டிவிட்டது. எதிர்ப்பு கிளம்பியதால் 1968 பிப்ரவரியில் மீண்டும் பாட வைத்து ஒளிபரப்பினார்கள். நாடே அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த நாட்களில், இவர் ஒரு பாய்மரக் கப்பல் கட்ட நிதி திரட்டிக்கொண்டிருந்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஹட்சனில் ஓடிய சரக்குக் கப்பல்களின் அமைப்பில், 106 அடி நீளத்தில் கட்டிய கிளியர்வாட்டர் 1969-இல் நீரில் இறங்கியது. அப்போது சாக்கடையும் ஆலைக் கழிவும் கலந்து நதி நாறிக்கிடந்தது. கரையோர ஊர்களில் பலருக்குச் சீகர் இன்னமும் கம்யூனிஸ்ட்தான். ஆனாலும் கப்பல் வந்து நின்றதும் குழந்தைகள் ஏறினார்கள், குழந்தைகளைத் தேடிப் பெற்றோரும் வந்தார்கள். வலையை வீசி மீனைப் பிடித்துக் காட்டி, இதை ஏன் சாப்பிடக் கூடாது என்று சொல்லிக்கொடுத்தார்கள்.

ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் இரண்டு ஆலைகள் 1947 முதல் 1977 வரை நதியில் விட்ட பிசிபி நச்சை அகற்றும் தூர்வாரும் பணி 2009-இல் தொடங்கி 2015-இல் முடிந்தது. அதற்காகப் பல பத்தாண்டுகள் நச்சரித்தவர்களில் கிளியர்வாட்டர் அமைப்பும் ஒன்று. அன்றாட நிர்வாகத்தையும் விழா ஏற்பாடுகளையும் தூக்கிச் சுமந்தவர் தோஷி. சீகரின் பாட்டு வாழ்க்கையே தோஷி போட்ட கணக்கில் ஓடியதுதான். அவரைப் பற்றித் தனி இழை தொடங்க வேண்டும்.

வழக்காடி:

மேகலைக்கு ஒரு துணைச் செய்தி. 1960-இல் சான் டியாகோ பள்ளி ஒன்றின் அரங்கில் பாட ஏற்பாடாகியிருந்தது. இந்த நிகழ்ச்சியில் கம்யூனிசம் பரப்ப மாட்டேன் என்று உறுதிமொழிப் பத்திரத்தில் கையெழுத்துப் போடச் சொன்னது கல்வி வாரியம். போட மாட்டேன் என்றார். நீதிமன்றத் தடையாணை பெற்று நிகழ்ச்சி நடந்தது. கட்சியை விட்டு விலகிப் பத்தாண்டுக்கும் மேல் ஆன பிறகு நடந்தது இது. நான் இப்போது கட்சியில் இல்லை என்று ஒரு வரி சொல்லியிருந்தால் போதும், அவருடைய கஷ்டம் பாதி தீர்ந்திருக்கும். சொல்லவில்லை. 2009-இல் அதே வாரியம் தீர்மானம் போட்டு அவரிடம் மன்னிப்புக் கேட்டது. அந்த ஆண்டின் ஜனவரியில்தான் ஒபாமாவின் பதவியேற்பு விழாக் கச்சேரியில், லிங்கன் நினைவகத்தின் படிகளில் நின்று, கத்ரியின் பாடலிலிருந்து வழக்கமாக விட்டுவிடும் தனிச்சொத்துப் பலகை பற்றிய சரணத்தையும் சேர்த்துப் பாடினார். நீங்கள் சொன்ன பிடிவாதம் இதுதான் என்றால், ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் அதைக் கட்சிப் பற்று என்று மட்டும் பெயரிட எனக்கு மனம் வரவில்லை.

இளவேனில்:

இழை முழுவதையும் படித்தேன். இவருடைய பாட்டை நான் கேட்டதில்லை. எதிலிருந்து தொடங்கலாம் என்று யாராவது சொல்ல முடியுமா?

தந்திக்காரர்:

1963 ஜூன் 8-இல் கார்னகி அரங்கில் நடந்த கச்சேரியின் பதிவிலிருந்து தொடங்குங்கள். கறுப்பின மக்களின் உரிமைக்கான பர்மிங்ஹாம் போராட்டம் நடந்து சில வாரங்களே ஆகியிருந்தன. அவர் ஒரு வரியைச் சொல்லிக்கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ள, அரங்கமே பாடுவது கேட்கும். இறுதி மூச்சுவரை அவருடைய முறை அதுதான். 2011-இல் இரண்டு கைத்தடிகளை ஊன்றியபடி நியூயார்க் தெருவில் ஊர்வலம் போனபோதும், 2014 ஜனவரி 27-இல் 94 வயதில் காலமாவதற்குச் சில மாதங்களுக்கு முன் மேடையேறியபோதும், அவர் குரல் தேய்ந்துபோயிருந்தது. பாடியவர்கள் எதிரே இருந்தவர்கள்தான்.

மேகலை:

அதோடு ‘சாங்ஸ் ஃபார் ஜான் டோ’வையும் கேளுங்கள், இளவேனில். இனிமையான பாட்டுகள்தான், அதுதான் சங்கடமே. இரண்டையும் கேட்டுவிட்டு வந்தால் சண்டையை விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.